மூன்று முறை உலர்த்த வேண்டியது

மூன்றாவது மாடி ஆய்வகத்தில் அவளை எல்லோரும் ‘இன்னொருவாட்டி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகிற பெண்ணைப் பார்த்து, "இன்னொருவாட்டி கழுவிடும்மா" என்பாள். எடை போட்டுவிட்டு நிமிர்கிறவனிடம், "இன்னொருவாட்டி போட்டுப் பாரு, கை தேஞ்சிடாது" என்பாள். சாயங்காலம் கதவைப் பூட்டிவிட்டு நாலு படி இறங்குவாள். திரும்ப ஏறிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள், முகத்துக்கு நேராகவும் சிரித்தார்கள். "சிரிங்க, நல்லா சிரிங்க. தப்பு வந்து நிக்கும்போது யாரு சிரிக்கிறான்னு பாக்குறேன்" என்பாள். அப்படி ஒரு வாயும் உண்டு அவளுக்கு.

இருபத்திரண்டு வயதில் கண்ணாடிச் சாமான் கழுவ வந்தவள். இப்போது நாற்பத்தாறு. கழுவிக்கொண்டிருந்தவள் எப்படி பெப்டைடு செய்கிறவள் ஆனாள் என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். ஆய்வகத்தின் தலைவியான மேடம் சுற்றுமுற்றும் பார்த்தார். இவள் நின்றுகொண்டிருந்தாள். "நீங்க பாத்துட்டுதானே இருந்தீங்க, பண்ணுவீங்களா?" என்றார். "பாத்தேன். அவரு பண்ணினதுல ரெண்டு தப்பு இருக்கு" என்றாள் இவள். அவ்வளவுதான் நேர்காணல்.

பெப்டைடு என்றால் புரதத்தின் ஒரு சின்னத் துண்டு. உடம்புக்குள் தானாக நடக்கிற காரியத்தை இவள் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் கையால் செய்தாள். மணல் மாதிரி இருக்கும் பிசின் குருணையில் முதல் அமினோ அமிலத்தைப் பிடிக்கவைக்க வேண்டும். அதன் தலையில் ஒரு மூடி இருக்கும். மூடியைக் கழற்றணும், கழுவணும், அடுத்ததை ஒட்டணும், மறுபடி கழுவணும். பதினைந்து கண்ணி உள்ள ஒரு சங்கிலிக்குப் பதினைந்து தடவை இதே கூத்து. ஒவ்வொரு தடவையும் நாலு குருணையை எடுத்துச் சொட்டு மருந்து விட்டுச் சூடு காட்டிப் பார்ப்பாள். நீலமாக மாறினால் இன்னும் ஒட்டாத முனை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். மஞ்சளாகவே நின்றால் அடுத்த கண்ணிக்குப் போகலாம். இதற்கெல்லாம் இப்போது இயந்திரம் வந்துவிட்டது, ஆய்வகத்திலேயே ஒன்று நிற்கிறது. ஆனால் கடினமான சங்கிலி என்றால் மேடம் இயந்திரத்தை நம்பமாட்டார், இவளைத்தான் நம்புவார். விஞ்ஞானம் எல்லாம் கம்ப்யூட்டரில் நடக்கிறது என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் வந்து அந்த நாற்றத்தில் நின்று பார்க்கட்டும்.

சங்கிலி முடிந்ததும் காட்டமான ஓர் அமிலத்தை ஊற்றிக் குருணையிலிருந்து அதை வெட்டி எடுப்பார்கள். பிறகு சுத்தம் செய்து, உறையவைத்து, அப்படியே உலர்த்தினால் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ அடியில் கிடக்கும். அதுதான் பெப்டைடு. இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. வெட்டப் பயன்பட்ட அமிலம் லேசில் விட்டுப் போகாது, பெப்டைடைப் பிடித்துக்கொண்டு தொங்கும். அதை விரட்ட, வேறொரு மெல்லிய அமிலத்தில் கரைத்துத் திரும்ப உலர்த்த வேண்டும். இப்படி மொத்தம் மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் ஒருநாள் முழுசாகப் போய்விடும். மற்ற ஆய்வகங்களில் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அவளிடம் அது நடக்காது. மூன்று என்றால் மூன்று.

மேடத்தின் குழு ஐந்து வருஷமாக ஒரே ஒரு வைரஸைத் துரத்திக்கொண்டிருந்தது. நம்மில் பாதிப் பேருக்குமேல் சின்ன வயதிலேயே அது உடம்புக்குள் வந்து, சிறுநீரகத்தில் ஒரு மூலையைப் பிடித்துத் தூங்கிவிடும். ஆயுசுக்கும் ஒரு தொந்தரவும் தராது. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர்கள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மாத்திரை சாப்பிடுகிறார்கள் அல்லவா, அவர்கள் உடம்பில் காவல் இல்லை என்று தெரிந்ததும் அது எழுந்துவிடும். எழுந்து, புதிதாக வைத்த சிறுநீரகத்தையே தின்னும். அதற்கென்று மருந்து கிடையாது. வைரஸின் மேலுறையில் போய் ஒட்டிக்கொண்டு, அதைச் செல்லுக்குள் நுழையவிடாமல் தடுக்கிற ஒரு பெப்டைடைச் செய்வதுதான் மேடத்தின் திட்டம். நாற்பது பெப்டைடு செய்து பார்த்தாகிவிட்டது. சில கொஞ்சம் ஒட்டின, பல ஒட்டவே இல்லை.

இந்த இடத்தில் தம்பியைச் சொல்லியாக வேண்டும்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்த ஒரே சொந்தம், ஆறு வயது இளையவனான தம்பி. லிஃப்ட் மெக்கானிக். எதிர் வீட்டில் மனைவியோடு இருந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவளுக்கு இரண்டும் ஆடின. டாக்டர் கேட்டு முடிப்பதற்குள், "என்னோடத எடுத்துக்குங்க" என்றாள். எடுத்து வைத்தார்கள். பொருந்திவிட்டது.

"உன் கிட்னி ரொம்பக் கறாரா இருக்குக்கா" என்று தம்பி ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். "ரெண்டு மணிக்கு ஒருதரம் எழுப்பிவிட்டு, 'எதுக்கும் இன்னொருவாட்டி போயிட்டு வந்துடு'ங்குது."

போன வருஷம் சாதாரணப் பரிசோதனைக்குப் போனபோது இரத்தத்தில் ஒரு வைரஸ் தென்படுகிறது என்று டாக்டர் சொன்னார். பெயரையும் சொன்னார். தம்பிக்கும் அவன் மனைவிக்கும் அது வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். இவளுக்கோ தினம் இருபது தடவை பாட்டில்மேல் எழுதுகிற பெயர். அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் பயப்படத் தெரிந்திருந்தது.

"எங்கேருந்து வந்திருக்கும் டாக்டர்?" என்று கேட்டாள். பதில் அவளுக்கே தெரியும். ஆனாலும் கேட்டாள்.

"பெரும்பாலும் குடுத்தவங்க கிட்னியோடயே வந்துடும்மா. அது யாரு தப்பும் இல்ல. இப்போதைக்கு அளவு கம்மிதான். ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்."

வெளியே வந்ததும் தம்பி அவள் தோளை இடித்தான். "கிட்னி குடுத்த சரி. இலவச இணைப்பு வேற குடுத்திருக்கியே, சொல்லவே இல்ல?"

அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த ஒரு மாதமும் அவள் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

அந்த மாதம் அவள் செய்துகொண்டிருந்தது நாற்பத்தொன்றாவது பெப்டைடு. பதினைந்து கண்ணி, நடுவில் ஒட்டவே மறுக்கிற ஓர் இடம். நீலம், நீலம், மறுபடியும் நீலம். ஏழாவது கண்ணியில் மூன்று நாள் மல்லுக்கட்டினாள். ஒருவழியாக முடித்து, வெட்டி, சுத்தம் செய்து, முதல் உலர்த்தலையும் முடித்த அன்று காலையில் தம்பி போன் செய்தான்.

"ரிசல்ட் வந்துடுச்சுக்கா. ஒண்ணு பத்தாயிருக்காம். தரைத்தளத்துல ஏறி உக்காந்தது பத்தாம் மாடிக்குப் போயிடுச்சு பாரு. நம்ம சர்வீஸ் பண்ற லிஃப்ட் ஒண்ணுகூட இவ்வளவு வேகமாப் போவாது."

அவன் பயந்தால்தான் இப்படிப் பேசுவான் என்று அவளுக்குத் தெரியும்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் கதவருகில் அடைக்கோழி நிற்கிறான். அடைக்கோழி என்பது வைரஸ் அறையில் செல் வளர்க்கிற ஆள். வெதுவெதுப்பான பெட்டிக்குள் தட்டுத்தட்டாகச் செல்லை வைத்துக்கொண்டு, அதை விட்டு நகராமல் உட்கார்ந்திருப்பான். அதனால் அந்தப் பெயர்.

"அக்கா, நாப்பத்தொண்ணு ரெடியா? என் செல்லெல்லாம் இன்னிக்கு ஜம்முனு இருக்கு. இப்ப குடுத்தா இப்பவே போட்டுடுவேன். இந்தச் செட்ட விட்டா அடுத்தது வளர்ந்து வர பத்து நாள் ஆகும்."

உலர்த்தும் குடுவையின் அடியில் வெள்ளைப் பஞ்சு கிடந்தது. இன்னும் இரண்டு தடவை உலர்த்த வேண்டும். இரண்டு நாள்தான். ஆனால் இரண்டு நாளுக்காகப் பத்து நாள் போகும். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அவள் பஞ்சைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். இருபத்து நாலு வருஷத்தில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னாள்.

"எடுத்துட்டுப் போ. பரவால்ல."

அவசரத்துக்கு அண்டாவுக்குள்ளேகூடக் கை நுழையாது என்பார்கள். இவளுக்கு நுழைந்துவிட்டது, அதுதான் வினை. நோட்டில் ‘உலர்த்தல்: 1’ என்று ஒழுங்காகக் குறித்தாள். பொய் எழுதுகிற வழக்கம் அவளிடம் கிடையாது. ஆனால் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்றும் தோன்றவில்லை. மனசெல்லாம் பத்தாம் மாடியில் இருந்தது.

ஐந்து நாள் கழித்து அடைக்கோழி ஓடி வந்தான். அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. வைரஸ் பிடித்த செல் பச்சையாக மின்னும். நாற்பத்தொன்று ஊற்றின தட்டில் மருந்துக்குக்கூடப் பச்சை இல்லை. சுத்தம். எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் வந்து இவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்க கைதான், உங்க கைதான்" என்றார். இவள் அங்கேயே கேட்டாள், வெட்கத்தைவிட்டுக் கேட்டாள்: "மேடம், என் தம்பிக்கு இதக் குடுக்க முடியுமா?"

மேடத்துக்கு முகம் மாறியது. எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், மனுஷனுக்கு வர வருஷக்கணக்கில் ஆகும் என்பது இவளுக்கும் தெரியும். ஆனால் கண்ணீரோடு நிற்கிறவளிடம் யார்தான் அதைச் சொல்வார்கள்? "வேற வழியே இல்லாதவங்களுக்குத் தனி அனுமதி வாங்குற முறை ஒண்ணு இருக்கு. கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

கேட்டுப் பார்க்கலாம். இந்த இரண்டு வார்த்தைதான். ஆய்வகத்தின் மூன்று மாடியை இறங்கும்போது அது ‘கிடைச்சாலும் கிடைக்கும்’ ஆயிற்று. பஸ்ஸில் வரும்போது ‘கிடைச்சுடும்’ ஆயிற்று. தம்பி வீட்டுக் கதவைத் தட்டும்போது, "மருந்து வந்துடுச்சுடா!" என்றே ஆகிவிட்டது.

திங்கட்கிழமை டாக்டர் தெளிவாகச் சொன்னார். "எதிர்ப்புச் சக்தி மாத்திரையப் பாதியாக் குறைக்கணும். குறைச்சா உடம்பு தானா வைரஸ அடக்கும். ஆனா கிட்னிய வேத்தாளா நினைச்சு விரட்டவும் வாய்ப்பிருக்கு. பாத்துக்கிட்டே குறைப்போம். இப்ப நம்ம கையில இருக்கிறது இது ஒண்ணுதான்."

தம்பிக்கு அந்த ‘விரட்டவும்’ என்ற வார்த்தைதான் காதில் விழுந்தது. அதே ஆஸ்பத்திரியில் அவனோடு பழகிய ஒரு தையல்காரருக்கு மாத்திரையைக் குறைத்த இரண்டாம் மாதமே கிட்னி போய்விட்டிருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். நியாயமாகப் பார்த்தால் அவள் அப்போது வாயை மூடிக்கொண்டிருக்கணும்.

"ரெண்டு மாசம் பொறுத்துப் பாக்கலாமா டாக்டர்? எங்க லேப்ல இதுக்கே ஒரு மருந்து வந்திருக்கு. தட்டுல வைரஸ் ஒண்ணுகூட இல்ல. தனி அனுமதிக்குக் கேட்டிருக்கோம்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தட்டு வேற, மனுஷன் வேறம்மா. உங்களுக்குத் தெரியாததில்ல. நான் குறைக்கணும்னுதான் சொல்றேன். வேண்டாம்னா அதையும் எழுதி வச்சுக்குவேன்."

"எங்கக்கா சொன்னா சரியா இருக்கும் டாக்டர்" என்றான் தம்பி. "அவ பூட்டுன பூட்டையே ரெண்டுவாட்டி இழுத்துப் பாக்குறவ."

அந்த இரண்டு மாதம் தம்பி வீட்டில் பழைய சிரிப்பு திரும்பி வந்தது. அதை இல்லையென்று சொல்லக் கூடாது. அவன் வேலைக்குப் போனான், நன்றாகத் தூங்கினான், மனைவியோடு கடைக்குப் போனான். அவன் மனைவி இவளைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணி, அந்த அனுமதி வந்துடுச்சா?" என்பாள். "வரும், வரும்" என்பாள் இவள். இரத்தத்தில் வைரஸின் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஏறினால் என்ன, மருந்துதான் வந்துவிட்டதே.

மேடம் நாற்பத்தொன்றைப் பெரிய அளவில் செய்யச் சொல்லியிருந்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், தனி அனுமதிக்கு மனுப் போடவும் அந்த விவரம் வேண்டும். இவள் ஆறு வாரம் உழைத்தாள். இந்த முறை அவளுடைய வழக்கப்படியே, ஒரு குறை வைக்காமல், மூன்று தடவை உலர்த்தினாள். பஞ்சு முன்னைவிட வெள்ளையாக வந்தது. அதைத் தானே கொண்டுபோய் அடைக்கோழியிடம் கொடுத்தாள், சந்தோஷமாக.

ஆறாம் நாள் அவன் ஓடி வரவில்லை. நடந்து வந்தான். கதவுக்கு வெளியிலேயே நின்றான்.

"ஒண்ணும் ஆகலக்கா. தட்டு முழுக்கப் பச்சையா இருக்கு. கொஞ்சம்போல குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். முன்ன பண்ணின இருவத்தாறு, முப்பத்தொண்ணு மாதிரி சுமாரா ஒட்டுது."

"நீ ஏதாவது மாத்திப் போட்டியா?"

"இல்லக்கா. நீங்க ஏதாவது..." என்று இழுத்தான். அவள்மேல் சந்தேகப்பட அவனுக்கே கூச்சமாக இருந்தது.

இந்தத் தடவை செய்ததில்தான் எங்கோ பிசகு என்று எல்லோரும் நினைத்தார்கள். மேடமும் அப்படித்தான் நினைத்தார். அவள் மட்டும் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தன் கையெழுத்தே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று அவள் நினைக்கவில்லை. உலர்த்தல்: 1. விரலை அந்த எண்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து போய் அடைக்கோழியிடம் சொன்னாள்: "பெப்டைடே வேண்டாம். வெட்டுற அமிலத்த மட்டும், ஒருவாட்டி உலர்த்தினா எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவு, வைரஸ் போட்ட ஒரு தட்டுல விட்டுப் பாரு. அஞ்சாம் நாள் வைரஸையும் பாரு, செல் நல்லா இருக்கான்னும் பாரு."

அடைக்கோழிக்கு முகம் வெளிறிவிட்டது. போன தடவை செல் நலமா என்று அவன் இரண்டாம் நாளே பார்த்துச் சரி போட்டுவிட்டான். ஐந்தாம் நாள் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் தட்டில் பச்சையே இல்லை. பெப்டைடும் இல்லை. செல்லெல்லாம் குற்றுயிரும் குலையுயிருமாகக் கிடந்தன. வைரஸ் பெருகுவதற்குத் தெம்பான செல் வேண்டும். வீட்டுக்காரனே படுத்த படுக்கையானால் விருந்தாளிக்கு யார் சோறு போடுவது? வைரஸை அடக்கியது நாற்பத்தொன்று இல்லை. மிஞ்சிக் கிடந்த அமிலம் செல்லைச் சாகடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எல்லோரும் கூடியிருந்த அறையில் அவள் நின்றுகொண்டே சொன்னாள். நோட்டைத் திறந்து காட்டினாள். "என் தம்பிக்கு ரிசல்ட் வந்த நாளு. பத்து நாள் காத்திருக்க முடியல. குடுத்துட்டேன். அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல." அடைக்கோழி எழுந்து, "எம்மேலயும் தப்பு இருக்கு மேடம்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. மேடம் நாற்பத்தொன்றைப் பற்றி எழுதிவைத்திருந்த கட்டுரையை மூடி வைத்தார். "தப்பு எல்லாரும்தான் பண்றாங்க. நின்னு சொல்றவங்க எத்தன பேரு?" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் நல்ல வார்த்தை சொல்லி ஒரு கிட்னியும் பிழைத்ததாக இதுவரைக்கும் கேள்விப்பட்டதில்லை.

அன்று சாயங்காலம் நேராக எதிர் வீட்டுக்குப் போனாள். தம்பி ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலைல டாக்டரப் பாக்கணும். மாத்திரையக் குறைக்கச் சொல்லணும்."

"அனுமதி என்னாச்சு?"

"அனுமதி இல்லடா. மருந்தே இல்ல."

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அமிலம், உலர்த்தல், ஒன்று, மூன்று. அவனுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. அவன் மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணி நாங்க..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உள்ளே போய்விட்டாள்.

தம்பி ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்தான். "எல்லாத்தையும் இன்னொருவாட்டி பாப்பியேக்கா. என் விஷயத்துல மட்டும் ஏன் பாக்கல?"

"பயந்துட்டேன்டா."

"எனக்காகப் பயந்தியா?"

"ஆமா."

அவன் தலையை ஆட்டினான். சரி என்றா, போ என்றா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மறுநாளே மாத்திரையைக் குறைத்தார்கள். வைரஸ் எண் இறங்கவும் செய்தது. மெதுவாக இறங்கியது. ஆனால் அதற்குள் அது தின்றது தின்றதுதான். சிறுநீரகம் பாதிக்குமேல் தழும்பாகிவிட்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் குறைத்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவள் டாக்டரிடம் கேட்டாள். "அப்படி உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். இல்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கொஞ்சமாவது தூங்கியிருப்பாள்.

நாலாவது மாதம் தம்பி டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் போனான். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நாலு மணி நேரம். லிஃப்ட் வேலையை விட்டுவிட்டான். கூட மனைவிதான் போனாள். முதல் நாள் இவளும் கிளம்பி வாசலில் நின்றாள். அவன் பார்த்தான். "நீ வேலைக்குப் போக்கா" என்றான். அதற்குப் பிறகு பேச்சில்லை. எதிரெதிர் வீடு, நடுவே நாலு அடி. அவன் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டால் இவள் உள்ளேயே நிற்பாள். வெளியே போனால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வானே என்ற பயம். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமல் போவது ஒரு துக்கம். எட்டாததை எட்டிவிட்டது என்று அவன் வாயில் ஊட்டியது இவள். இந்தத் துக்கத்துக்குப் பழமொழியும் கிடையாது.

ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். வேறு வைரஸுக்கு மாற்றிவிடட்டுமா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள். அவளை இப்போது யாரும் ‘இன்னொருவாட்டி அக்கா’ என்று கூப்பிடுவதில்லை, வெறும் ‘அக்கா’தான். குடுவையைக் கழுவி வைக்கிற பெண்ணே தானாக இரண்டாம் தடவை கழுவிவிடுகிறாள், இவள் ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று. இவளும் ஒன்றும் சொல்வதில்லை.

பேச்சு நின்று நாற்பத்து மூன்றாம் நாள், முற்பகலில், நாற்பத்தாறாவது பெப்டைடின் ஒன்பதாவது கண்ணியைக் கழுவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. தம்பியின் பெயரைப் பார்த்ததும் கையுறையைக் கிழித்துக் கழற்றினாள்.

"அக்கா."

"சொல்லுடா."

"டாக்டர் ஒண்ணு கேக்குறாரு. உள்ள இருக்கிற கிட்னிய எடுத்துடறதா, அப்படியே விட்டுடறதான்னு. தொந்தரவு இல்லன்னா விட்டுடலாமாம். கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கிக்குமாம். உங்க இஷ்டம்னுட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"அக்காவக் கேட்டுச் சொல்றேன்னேன். உன்னோடதாச்சே."

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "வலிக்குதாடா?"

"இல்ல. அது பாட்டுக்கு இருக்கு."

"உனக்கு எப்படித் தோணுது?"

அந்தப் பக்கம் டயாலிசிஸ் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"உன்மேல எனக்குக் கோவம் போகலக்கா. பொய் சொல்ல மாட்டேன். போகுமான்னும் தெரியல. தினம் அந்த ரெண்டு மாசத்தத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருக்கேன். ஆனா இத எடுத்து வெளிய போடச் சொல்ல மட்டும் மனசு வரல."

அவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். நாற்பத்து மூன்று நாளாகச் சேர்த்து வைத்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை.

"இருக்கட்டும்டா" என்றாள்.

"சரி. இருக்கட்டும்னு சொல்லிடறேன்."

போன் வைக்கப்பட்டது. அடைக்கோழி கதவருகில் நின்றிருந்தான், கழுவுகிற பெண் குழாயை மூடிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. தன் வலப்பக்க விலாவுக்குக் கீழே, ஒன்றுமில்லாத அந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டு அழுதாள்.